16-ஆம் நாளுக்குப் பிறகு: தெருவும் ஊரும் சேர்ந்து துக்கம் ஆறுவதற்கான வழிமுறைகள்

வடார்க்காட்டு ஊர்களில் ஒரு வீட்டில் சாவு நேர்ந்தால், முதல் இரண்டு வாரங்களுக்கு அந்த வீடு தனித்து விடப்படுவதில்லை. செய்தி பரவிய சற்று நேரத்தில் வாசலில் பந்தல் நிற்கும். மேளக்காரருக்கும் உறவுமுறைக்கும் ஆள் போகும். துக்க வீட்டில் அடுப்பு எரியாது என்பதால் பக்கத்து வீடுகளில் உலை வைப்பார்கள். வாய்க்கரிசி, கோடி, நெய்ப்பந்தம், கொள்ளிக்குடம் என்று ஒவ்வொரு முறைக்கும் ஓர் உறவு பொறுப்பேற்கும். அடுத்து பால் தெளிப்பு, அதன்பின் எட்டாம் நாள், பெரும்பாலான குடும்பங்களில் 16-ஆம் நாளில் காரியம் என்று நாள்கள் வரிசையாக வரும். காரியம் முடிந்த அன்று மாலை பந்தல் பிரிக்கப்படும், வாடகை நாற்காலிகள் வண்டியேறும், வெளியூர் உறவினர்கள் பேருந்து பிடிப்பார்கள். மறுநாள் காலையிலிருந்து அந்த வீட்டாருக்கு ஊர் விட்டுவைத்திருப்பது, ஓராண்டுக்குப் பண்டிகை இல்லை, சுபகாரியங்களில் முன்னால் வந்து நிற்கக் கூடாது என்னும் விலக்குகள் மட்டுமே.

துக்கம் தன் முழுக் கனத்தோடு இறங்குவது அதற்குப் பிறகுதான் என்பதைத் துணையையோ பிள்ளையையோ பெற்றோரையோ இழந்த எவரிடம் கேட்டாலும் சொல்வார்கள். முதல் 16 நாள்களில் செய்வதற்கு வேலை இருந்தது. வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல வேண்டியிருந்தது. அடுத்து என்ன என்பதைச் சடங்கே முடிவு செய்தது. பின்னர் வரும் மாதங்களில் அப்படி எதுவும் இல்லை. ஆகவே புதிய சடங்கு எதையும் உருவாக்குவது இங்கு நோக்கமன்று. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர், திருவண்ணாமலைப் பகுதிகளில் ஏற்கெனவே உள்ள முறைகளை 16-ஆம் நாளைத் தாண்டி ஓராண்டு வரை நீட்டுவது எப்படி, ஒரு வீட்டின் துக்கத்தைத் தெரு பகிர்ந்துகொள்வது எப்படி, ஒரே நாளில் பல வீடுகளில் இழப்பு நேர்ந்தால் ஊர் என்ன செய்யலாம் என்பவற்றையே இங்கு எழுதுகிறேன். மகளிர் சுயஉதவிக் குழு, கோயில் நிர்வாகம், ஜமாஅத், திருச்சபை, இளைஞர் மன்றம், தொழிற்சாலைத் தொழிலாளர்கள் என்று யார் முன்னெடுத்தாலும் இவை பொருந்தும்.

முதலில் யாரிடம் கேட்பது

ஐந்தாறு பேர் கொண்ட ஒரு சிறு குழு போதும். அதில் பாதிப் பேராவது பெண்களாக இருக்க வேண்டும். முன்பு தம் வீட்டில் ஒருவரை இழந்து, ஓராண்டைக் கடந்தவர் ஒருவராவது இருக்க வேண்டும். அவருக்குத் தெரிந்தது மற்றவர்களுக்குத் தெரியாது. எந்தக் கேள்வி குத்தும், எந்த மௌனம் பொறுக்க முடியாதது என்பதை அவர் முன்கூட்டியே சொல்லிவிடுவார். கட்சிப் பொறுப்பும் சங்கப் பதவியும் இந்தக் குழுவின் வேலைக்குள் வரக் கூடாது. குழுவுக்குப் பெயரும் பேனரும் வேண்டாம்.

குழு முழுவதும் திரண்டு துக்க வீட்டுக்குப் போகாமல், காரியம் முடிந்து சில நாள்கள் கழித்து, பிற்பகலில் வீடு ஓய்ந்திருக்கும் நேரமாகப் பார்த்து இருவர் மட்டும் போக வேண்டும். எப்படி இருக்கிறீர்கள் என்று கேட்டால் அவர்களுக்குச் சொல்லப் பதில் இருக்காது. மாறாக, ஆமாம் அல்லது வேண்டாம் என்று சொல்லக்கூடிய ஒன்றைக் கேட்பது நல்லது. "அக்கா, வர்ற அமாவாசைக்கு நாங்க நாலு பேரு வந்து கூட இருந்து சமைக்கலாமா?" என்பது போன்ற கேள்விக்கு அழுதுகொண்டேகூடத் தலையசைத்துவிட முடியும். இறந்தவரின் பெயரைத் தயங்காமல் சொல்ல வேண்டும். நினைவுபடுத்திவிடுவோமோ என்று அஞ்சிப் பெயரைத் தவிர்ப்பவர்களே அதிகம். அந்த வீட்டாரோ அதை ஒரு நொடியும் மறந்திருக்க மாட்டார்கள்.

கணவனை இழந்த பெண்ணிடம் கேட்க வேண்டியதை அவர் கொழுந்தனிடமோ மாமனாரிடமோ கேட்டுவிட்டு வரக் கூடாது. எந்த நாளில் கூடுவது, எந்தப் படத்தை வைப்பது, எதைப் பேசக் கூடாது என்பவற்றை அவரிடமே தனியாகக் கேட்டு அறிய வேண்டும். தற்கொலையால் நேர்ந்த சாவு என்றால் இந்தக் கவனம் இரு மடங்காக வேண்டும். இறந்த விதத்தைப் பற்றி ஒரு சொல்லும் கூட்டத்தில் எழாது என்று குடும்பத்தாருக்கு முன்கூட்டியே உறுதி சொல்லி, அதைக் காப்பாற்ற வேண்டும். அந்தக் குடும்பங்களுக்கு வழக்கமான காரியம்கூட ஒடுங்கிய முறையில், பாதி உறவினர் இல்லாமல் நடந்திருக்கும். ஆகவே தெருவின் வருகை அவர்களுக்கே மிகவும் தேவைப்படுகிறது. வேண்டாம் என்று சொன்னால் மறுபேச்சு இல்லாமல் திரும்பிவிட்டு, ஒரு மாதம் கழித்து இன்னொரு முறை கேட்கலாம். மூன்றாம் முறை கேட்க வேண்டாம்.

குழுவில் ஒருவர் காகித வேலைகளை ஏற்றுக்கொள்வது நல்லது. இறப்பைக் கட்டணமின்றிப் பதிவு செய்ய 21 நாள் கெடு இருக்கிறது. அதன்பின் வாரிசுச் சான்று, வங்கிக் கணக்கு, ஓய்வூதியம், ரேஷன் அட்டையில் பெயர் நீக்கம் என்று அலைச்சல் நீளும். இ-சேவை மையத்தின் வரிசையில் துக்கப்பட்டவரோடு கூட நிற்பதும் இந்தப் பகிர்வில் சேர்ந்ததே.

ஓராண்டுக்கான நாள்குறிப்பு

சடங்கின் பெரும்பலன் நாள் குறித்து வருவதில் இருக்கிறது. "எப்போது வேண்டுமானாலும் கூப்பிடுங்கள்" என்று சொல்லிவிட்டுப் போனவரை யாரும் கூப்பிடுவதில்லை; பௌர்ணமிக்கு வருகிறேன் என்றவர் வந்துவிடுகிறார். ஆகையால் முதல் சந்திப்பிலேயே ஒரு தாளில் அடுத்த 12 மாதங்களுக்குரிய நாள்களை எழுதி, ஒவ்வொன்றுக்கும் எதிரே அன்று அந்த வீட்டுக்குப் போகிறவர் பெயரையும் எழுதிவைக்க வேண்டும். இந்துக் குடும்பங்களுக்கு மாதந்தோறும் வரும் இறந்த திதி, அமாவாசைகள், அவற்றுள் ஆடி, மகாளயம், தை ஆகிய மூன்று, முதல் தீபாவளி, முதல் பொங்கல், இறந்தவரின் பிறந்தநாள், தலைத்திவசம் ஆகியவை இதில் அடங்கும். பண்டிகை இல்லாத வீட்டுக்குப் பக்கத்து வீட்டார் பலகாரம் கொடுத்தனுப்பும் வழக்கம் இன்னும் இருக்கிறது. குழந்தைகளிடம் தூக்குவாளியைக் கொடுத்தனுப்பாமல், பெரியவர்கள் தாமே எடுத்துப் போய் அரை மணி நேரம் உட்கார்ந்து வந்தால் அந்த வழக்கத்துக்கு உயிர் இருக்கும்.

முஸ்லிம் குடும்பங்களுக்கு இந்த நாள்குறிப்பு அப்படியே பொருந்தாது. இறந்தவருக்காகத் துக்கம் காப்பதற்கு மார்க்கம் மூன்று நாள் வரம்பு வைக்கிறது. கணவனை இழந்த பெண்ணுக்கு மட்டும் இத்தா என்னும் காத்திருப்புக் காலம் நான்கு மாதம் பத்து நாள். ஆம்பூர், வாணியம்பாடி, மேல்விஷாரம், பேர்ணாம்பட்டு போன்ற ஊர்களில் துக்க வீட்டுக்கு அக்கம்பக்கத்தார் உணவு அனுப்பும் ஒழுங்கை மற்ற சமூகத்தார் பார்த்துக் கற்கலாம். அங்கே 16-ஆம் நாள் கணக்கையும் விளக்கேற்றுதலையும் கொண்டுபோய்த் திணிக்காமல், இத்தாவில் இருக்கும் பெண்ணை அந்த நான்கு மாதமும் பெண்கள் முறைவைத்துப் போய்ப் பார்ப்பதே சிறந்த பங்களிப்பு. கத்தோலிக்கக் குடும்பங்களுக்கு நவம்பர் 2-ஆம் நாள் வரும் கல்லறைத் திருநாள் இருக்கிறது. அன்று கல்லறையைக் கழுவி, மாலையிட்டு, மெழுகுவத்தி ஏற்றும்போது பிற மத நண்பர்கள் பூவோடு போய் நிற்பதற்கு எந்தத் தடையும் இல்லை.

அழுவதற்கு இடம் அமைத்தல்

இந்த மண்ணில் சேர்ந்து அழுவதற்கென்று கட்டப்பட்ட முறைகள் செழிப்பானவை. அவற்றுள் ஒப்பாரி முதன்மையானது. பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, ஒருவர் தோளை ஒருவர் அணைத்துக்கொண்டு, இறந்தவரைத் தத்தம் உறவுமுறையால் அழைத்து அழுவார்கள். மகள் "என்னப் பெத்த அம்மா" என்று அழும் அதே வட்டத்தில் இன்னொருத்தி அண்ணி என்றும், மற்றொருத்தி அத்தை என்றும் அழைப்பாள். பிறந்த வீட்டுப் பெருமை, வாழ்ந்த வீட்டில் பட்ட பாடு, தீராத கடன், கேட்காமல் விட்ட உடன்பிறப்பு என்று வேறெந்த நாளிலும் வாய்விட்டுச் சொல்ல முடியாதவை அந்தப் பாட்டில் சபையேறும். சொல்லப்பட்ட குறைக்காகப் பின்னர் யாரும் சண்டைக்கு வரக் கூடாது என்பது எழுதப்படாத விதி. இந்த விதியைத்தான் இன்றைய கூட்டங்கள் முதலில் காப்பாற்ற வேண்டும். ஆகவே ஒப்பாரி நடக்கும் இடத்தில் கைபேசிப் பதிவு கூடாது என்று குழு வெளிப்படையாகச் சொல்லிவிடுவது அவசியம். தன் குரல் குடும்ப வாட்ஸ்அப் குழுவில் சுற்றும் என்று தெரிந்தால் எந்தப் பெண்ணும் மனம்விட்டு அழ மாட்டாள்.

இளம்பெண்களுக்கு ஒப்பாரி தெரியவில்லை என்பது பரவலான குறை. கூலிக்கு ஆள் வைப்பதும் ஒலிபெருக்கியில் பதிவை ஓடவிடுவதும் இதற்குத் தீர்வாகா. தெருவில் ஒப்பாரி தெரிந்த முதிய பெண்கள் இன்னும் இருக்கிறார்கள். மாதத் திதியன்று அவர்களில் ஒருவரை அழைத்து நடுவில் உட்காரவைத்தால் அவர் தொடங்குவார். மற்றவர்கள் கடைசிச் சொல்லை மட்டும் ஏற்று இழுத்தால் போதும். பாடத் தெரியாதவருக்கு அணைத்துக்கொண்டு உட்கார்வதே பங்கு.

அடுத்தது கூத்து. வடமாவட்டங்களில் காரியத்தை ஒட்டிய இரவில் கர்ண மோட்சம் தெருக்கூத்து ஆடவைக்கும் வழக்கம் இன்றும் பல ஊர்களில் இருக்கிறது. போருக்குப் புறப்படும் கர்ணன் மனைவி பொன்னுருவியிடம் விடைபெறுகிறான். 17-ஆம் நாள் போரில் களத்தில் சாய்கிறான். அந்தணராக வந்த கண்ணனுக்குத் தான் செய்த தருமத்தின் பயனையெல்லாம் தாரை வார்க்கிறான். உயிரோடிருந்த காலமெல்லாம் மகனென்று ஊரறியச் சொல்லாத குந்தி, அவனை மடியில் போட்டுக்கொண்டு அப்போது அழுகிறாள். பார்த்துக்கொண்டிருக்கும் வீட்டாருக்குத் தம் துக்கத்தைப் பற்றி ஒரு சொல்லும் பேச வேண்டியதில்லை. சொல்லாமல் விட்டது, பிந்திவிட்டது, விடைபெற முடியாமல் போனது எல்லாம் அங்கே வேறொருவர் வாயால் பாடப்படுகின்றன. ஊர் முழுதும் இருட்டில் உட்கார்ந்து குந்தியோடு அழும்போது தாமும் சேர்ந்து அழுதுவிடலாம். சாவுக்குப் பொருத்தமான கதை என்று நம் முன்னோர் இதைத் தேர்ந்தெடுத்ததில் ஆழ்ந்த அறிவு இருக்கிறது என்றே நான் உறுதியாக நம்புகிறேன்.

கூத்து வைப்பதென்றால் வாத்தியாரைச் சில வாரங்களுக்கு முன்பே பார்த்து, யாருடைய நினைவாக நடக்கிறது, இறந்தவர் வயதென்ன, எந்த உறவு வீட்டில் மிஞ்சியிருக்கிறது என்பதைச் சொல்லிவிட வேண்டும். தேர்ந்த வாத்தியார் அதற்கேற்பப் பொன்னுருவி கட்டத்தையோ குந்தி கட்டத்தையோ விரித்துப் பாடுவார். திறந்தவெளியில் இரவு 10 மணி முதல் காலை 6 மணி வரை ஒலிபெருக்கிக்குத் தடை உள்ளதால், காவல் நிலையத்தில் முன்கூட்டியே பேசிவிட வேண்டும். அல்லது மாலையிலேயே தொடங்கி முதன்மைக் கட்டங்களை மட்டும் ஆடச் சொல்ல வேண்டும். அல்லது பழைய முறைப்படி ஒலிபெருக்கியே இல்லாமல் களரியைச் சிறிதாக அமைக்கலாம். கடைசி முறையே எனக்கு மிகவும் உவப்பானது. துக்கப்பட்ட குடும்பத்தை முன்வரிசையில் ஓரமாக, எழுந்து போக வழியுள்ள இடத்தில் உட்காரவைக்க வேண்டும். பேசிய தொகையை விடிவதற்குள் கையில் கொடுத்துவிட வேண்டும். கலைஞர்களைக் காத்திருக்கவைப்பது அந்த இரவுக்கே இழுக்கு.

தனிக் கூத்துக்கு வசதியில்லாத வீடுகளுக்கு ஊர்த் திருவிழாக்களே துணை. திரௌபதி அம்மன் கோயில்களில் பாரதக் கூத்தின் முடிவில் வரும் படுகளத்தன்று, மண்ணால் செய்த துரியோதனன் பெருவடிவம் தரையில் கிடக்க, அவனுக்காக ஒப்பாரி வைக்கப்படும். பகைவன் என்று கதை சொல்பவனுக்கும் அழ ஆள் உண்டு என்பதை ஊர் ஆண்டுதோறும் நடத்திக் காட்டுகிறது. மாசி அமாவாசையில், மகாசிவராத்திரிக்கு மறுநாள், வேலூர்ப் பாலாற்றங்கரையில் மயானக் கொள்ளை நடக்கிறது. அங்காளம்மன் சுடுகாட்டுக்குப் புறப்படும் அந்த நாளில், தம் வீட்டுச் சமாதிகளைச் சுத்தம் செய்து படையலிடுவோர் பலர். அந்த ஆண்டில் ஒருவரை இழந்த குடும்பத்தைக் குழு அன்று தனியே விடாமல், காலையிலேயே, கூட்டம் சேருமுன் அழைத்துச் சென்று படையல் முடித்துவிட்டு வருவது நல்லது. தேரும் ஆட்டமும் வரும் நேரத்து நெரிசல் புதுத் துக்கத்துக்கு ஏற்றதல்ல.

ஆண்களுக்கு வேலை, எல்லோருக்கும் பாதை

ஆண்களுக்கு ஊர் கொடுத்திருப்பது உடல் உழைப்பு. குழி வெட்டுவது, பாடை கட்டுவது, தோள் கொடுப்பது என்று முதல் நாள் முழுதும் அவர்களுக்கு வேலை இருக்கிறது. அதன்பின் எதுவும் இல்லாததால், மகனை இழந்த தகப்பனும் அண்ணனை இழந்த தம்பியும் சாராயக் கடையைத் தேடிப் போவதைப் பார்க்கிறோம். இழவு வீட்டில் குடி என்பதைக் குழு தொடக்கத்திலிருந்தே மறுக்க வேண்டும்; அதே நேரத்தில் கைகளுக்கு மாற்று வேலையும் கொடுக்க வேண்டும். ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் இருபது பேர் மண்வெட்டியோடு சுடுகாட்டுக்குப் போய்ச் சீமைக்கருவேலத்தை அகற்றி, பாதையைச் சமன் செய்து, புங்கையும் வேம்பும் நட்டு, தண்ணீர்த் தொட்டியைக் கழுவிவிட்டு வந்தால், அந்தத் தகப்பன் அங்கே தன் மகனுக்காக வியர்வை சிந்துகிறார். பேசும்படி யாரும் அவரைக் கேட்பதில்லை. பேச்சு பெரும்பாலும் மண்வெட்டியைக் கீழே வைத்துவிட்டுத் தேநீர் குடிக்கும்போது தானாக வரும்.

சுடுகாட்டுப் பாதையைப் பற்றிப் பேசும்போது ஒன்றைச் சொல்லாமல் கடக்க முடியாது. 2019 ஆகஸ்டில் வாணியம்பாடி அருகே நாராயணபுரத்தில், வயல்வழியே செல்லப் பாதை கிடைக்காததால், பட்டியல் சாதியைச் சேர்ந்த ஒருவரின் உடலைப் பாலாற்றுப் பாலத்தின் மேலிருந்து கயிறு கட்டி இறக்கினார்கள். சென்னை உயர் நீதிமன்றம் தானே முன்வந்து வழக்காக எடுத்தது. ஒரு தெருவின் பிணம் போகப் பாதை விடாத ஊர், சேர்ந்து துக்கம் ஆறுவதாகச் சொல்லிக்கொள்ள முடியாது. ஆகவே பொது நினைவுக் கூட்டம் நடத்த விரும்பும் குழு, ஊரிலுள்ள எல்லாத் தெருக்களின் மயானத்துக்கும் நடந்து போய்ப் பார்த்து, பாதையோ தண்ணீரோ இல்லாத இடத்தைக் குறித்து, கிராம சபையில் தீர்மானமாகக் கொண்டுவருவதை முதல் காரியமாக வைத்துக்கொள்ளட்டும். கூட்டம் நடக்கும் இடமும் எல்லோரும் தயக்கமின்றி வந்து உட்காரக்கூடிய இடமாக, பள்ளி வளாகமாகவோ ஊராட்சித் திடலாகவோ இருக்கட்டும். மேளம் அடிப்பதும் குழி வெட்டுவதும் ஒரு சாதியின் கட்டாயக் கடமை என்று நினைப்பதை விட்டு, விருப்பமுள்ள கலைஞரை உரிய ஊதியம் பேசி அழைக்க வேண்டும்.

பூவையும் பொட்டையும் வளையலையும் ஒரு பெண்ணிடமிருந்து சபை நடுவே பறிக்கும் சடங்கைக் கைவிட வேண்டும் என்பதே என் உறுதியான கருத்து. அது துக்கத்தை ஆற்றுவதில்லை; துக்கப்பட்டவரைத் தண்டிக்கிறது. மகாராஷ்டிரத்தின் கோலாப்பூர் மாவட்டத்து ஹெர்வாட் ஊராட்சி 2022-இல் இத்தகைய சடங்குகளை நிறுத்தத் தீர்மானமே போட்டது. இங்கும் பல குடும்பங்கள் சத்தமில்லாமல் விட்டுவிட்டன. அந்த நேரத்தில் மூத்த பெண்கள் நான்கு பேர் அவரைச் சூழ்ந்து உட்கார்ந்து புதுப்புடவையை மடியில் வைத்துவிட்டால், சடங்கும் நடந்ததாகும், அவமானமும் இராது.

பெயரைச் சொல்லும் கூட்டம்

பழைய வடார்க்காட்டில் அடங்கிய செங்கம் வட்டாரத்தில் பல்லவர் காலத்து நடுகற்கள் நிறையக் கிடைத்திருக்கின்றன. ஆநிரை மீட்டு மாண்டவன் பெயர், ஊர், அவன் என்ன செய்து இறந்தான் என்பவை சில வரிகளில் வெட்டப்பட்டிருக்கும். எடுத்தனூர்க் கல்லில் ஒரு நாய்க்கும் இடம் இருக்கிறது. கோவிவன் என்னும் அந்த நாய் இரண்டு கள்ளரைக் கடித்துக் காத்து நின்றதை ஊர் பெயரோடு பொறித்து வைத்தது. நினைவுக் கூட்டத்துக்கு இதைவிட நல்ல முன்மாதிரி எனக்குத் தெரியவில்லை. பெயர், ஊர், அவர் செய்த ஒரு செயல். இவ்வளவே போதும்.

ஓராண்டில் தெருவில் இறந்த எல்லோருக்கும் சேர்த்து ஒரு கூட்டம் நடத்துவதென்றால் முக்கால் மணி நேரத்துக்கு மேல் நீட்ட வேண்டாம். சிறப்பு விருந்தினர், மேடை, பொன்னாடை எதுவும் வேண்டாம். பாயில் வட்டமாக உட்கார வேண்டும். படங்களை ஒரே அளவில் வைக்க வேண்டும். இல்லாவிட்டால் வசதியுள்ள வீட்டின் படம் பெரிதாகவும் கூலித் தொழிலாளியின் படம் அடையாள அட்டையிலிருந்து எடுத்த சிறு துணுக்காகவும் நிற்கும். பெயர்களை அகர வரிசையில் ஒருவர் நிறுத்தி நிதானமாக வாசிக்க, ஒவ்வொரு பெயருக்கும் அந்த வீட்டாரோ அவர்கள் சொன்ன ஒருவரோ எழுந்து, இறந்தவர் செய்த ஒரு காரியத்தை மட்டும் இரண்டு மூன்று வாக்கியங்களில் சொல்ல வேண்டும். நல்லவர், பண்பாளர் என்னும் பொதுச்சொற்களைவிட, பீடி சுற்றிக்கொண்டே மூன்று பிள்ளைகளுக்கும் கணக்குச் சொல்லிக்கொடுத்தார் என்னும் ஒரு வரி ஆளைக் கண்முன் நிறுத்தும். கடவுளின் விருப்பம், விதி, காலம் ஆற்றும் என்பன போன்ற ஆறுதல்களை யாரும் சொல்ல வேண்டாம் என்று தொடக்கத்திலேயே கேட்டுக்கொள்வது நல்லது. குழந்தையை இழந்தவரிடம் இன்னொன்று பிறக்கும் என்று சொல்பவர் இன்னமும் இருக்கிறார்.

குழந்தைகளை அப்புறப்படுத்தக் கூடாது. தாத்தா தூங்குகிறார், ஊருக்குப் போயிருக்கிறார் என்று சொல்லி வளர்த்தால் தூக்கத்தையும் பயணத்தையும் கண்டு குழந்தை அஞ்சும்; இறந்துவிட்டார், இனி வர மாட்டார் என்று தெளிவாகச் சொல்லி, கையில் பூவோ அகல்விளக்கோ கொடுத்து ஒரு வேலையை ஒப்படைத்தால் அது பொறுப்போடு செய்யும். மாணவர் ஒருவர் இறந்த வகுப்பில், வருகைப் பதிவேட்டில் பெயரை அடிக்கும் முன்னும் அவர் உட்கார்ந்த இடத்தை நிரப்பும் முன்னும், அவரைப் பற்றி வகுப்பாகக் கூடிப் பேச ஒரு பாடவேளையை ஆசிரியர் ஒதுக்க வேண்டும்.

முடிவில் உணவு. காரியத்துக்கு விருந்து வைத்துக் கடனாளியான வீடுகளை நாம் அறிவோம். ஆகவே பொதுக் கூட்டத்தில் மொய் எழுதாமல், வீட்டுக்கு ஒரு பாத்திரம் என்று கொண்டுவரச் செய்வதே சரி. இறந்தவருக்குப் பிடித்ததைப் படையலில் வைக்கும் நம் வழக்கத்தையே இங்கும் பின்பற்றலாம். ஒருவருக்கு ஆற்காட்டு மக்கன்பேடா, ஒருவருக்குக் கேழ்வரகுக் களியும் கீரைக் கடைசலும். அதைச் சமைத்துக் கொண்டுவரும் பொறுப்பைத் துக்கப்பட்ட வீட்டாரே ஏற்க விரும்பினால் தடுக்க வேண்டாம்.

ஒரே நாளில் பல உயிர்கள் போகும்போது கூடுதல் கவனம் தேவை. 2021 நவம்பர் 19 அன்று பேர்ணாம்பட்டில் மழையில் வீடு இடிந்து ஒன்பது பேர் மாண்டனர்; 2024 டிசம்பர் 1 அன்று திருவண்ணாமலை மலைச்சரிவில் குழந்தைகள் உட்பட ஏழு பேர் புதைந்தனர். இத்தகைய நேரங்களில் நிவாரணக் காசோலை வழங்குவதும் நினைவுக் கூட்டமும் ஒரே மேடையில் நடக்கக் கூடாது. எல்லோருக்கும் பொதுவான துயரம் என்று சொல்லி ஒவ்வொரு வீட்டின் தனி இழப்பை அதில் கரைத்துவிடவும் கூடாது. பொதுக்கூட்டத்துக்கு முன்பே குழு ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியே போய்வந்திருக்க வேண்டும்.

ஊர் தூரத்தில் இருப்பவர்கள்

வேலூருக்கு மருத்துவத்துக்காக வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம் ஆகிய இடங்களிலிருந்து வரும் குடும்பங்கள் விடுதிகளில் மாதக்கணக்கில் தங்குகின்றன. நோயாளி இறந்துவிட்டால், கூட இருப்பது பெரும்பாலும் ஒரே ஒரு உறவினர். மொழி தெரியாது, கையில் பணம் தீர்ந்திருக்கும், உடலை விமானத்திலோ வண்டியிலோ கொண்டுபோகப் பதப்படுத்தல் சான்று முதல் பல ஏற்பாடுகள் வேண்டும். விடுதி நடத்துவோரும் சுற்றியுள்ள கடைக்காரர்களும் சேர்ந்து, வங்காளியும் இந்தியும் பேசும் இருவரின் எண்ணைக் கைவசம் வைத்திருந்து, வண்டி புறப்படும் வரை அந்த உறவினரோடு ஒருவர் இருப்பதை ஒழுங்காக்கிக்கொள்ளலாம். வண்டி கிளம்பும்போது தெருவில் நிற்பவர்கள் செருப்பைக் கழற்றி ஒரு நிமிடம் நின்றால், அவருடைய ஊரில் தோள் கொடுக்க வரும் கூட்டத்தின் இடத்தை நாம் சற்று நேரம் நிரப்பியவர்களாவோம்.

தொழிற்சாலைகளுக்கும் இது பொருந்தும். 2015 ஜனவரி 31 அன்று ராணிப்பேட்டையில் தோல் கழிவுநீர்ச் சுத்திகரிப்பு நிலையத்தின் தொட்டிச் சுவர் இடிந்து, பக்கத்தில் தூங்கிக்கொண்டிருந்தவர்களுள் பத்துத் தொழிலாளர்கள் இறந்தனர். பெரும்பாலோர் மேற்கு வங்கத்தவர். உடல்கள் ஊருக்குப் போய்விட்டாலும், கூட வேலை செய்தவர்களின் துக்கம் இங்கேயே தங்கிவிடுகிறது. உடன் பணியாற்றியவர் இறந்த வாரத்திலேயே, வேலை முடியும் நேரத்தில் அரை மணி நேரம் கூடி, அவர் பெயரைச் சொல்லி, அவரைப் பற்றி நான்கு வரி எழுதி, அவர் மொழியில் பெயர்த்துக் குடும்பத்துக்கு அனுப்ப வேண்டும். மகன் வேலை செய்த இடத்தில் அவனை மனிதனாக அறிந்தவர்கள் இருந்தார்கள் என்பதற்கு ஒரு தாய்க்குக் கிடைக்கும் சான்று அது.

நடக்காமல் போன சடங்கு

2020, 2021 கொரோனா மாதங்களில் உறையிடப்பட்ட உடலைத் தூரத்திலிருந்து பார்த்துவிட்டுத் திரும்பிய குடும்பங்கள் பல. முகம் பார்க்கவில்லை, வாய்க்கரிசி போடவில்லை, காரியத்துக்கு ஆள் சேரவில்லை. அந்தக் குறை இன்னும் உள்ளே இருக்கிறது. காலம் கடந்துவிட்டது என்று விட்டுவிட வேண்டாம். திதி தெரியாதவர்களுக்கும் உரியது மகாளய அமாவாசை; அன்று படத்தின் முன் வாய்க்கரிசியும் கோடியும் வைத்து, சாவின்போது வர முடியாத உறவினர்களை அழைத்து, விட்டுப்போனதை இப்போது செய்யலாம். தோள் கொடுக்க முடியாத மகன், படத்தைத் தோளில் தாங்கித் தெருமுனை வரை நடந்துவிட்டு வரலாம். முறை தெரிந்த பெரியவர் ஒருவரைக் கலந்துகொண்டால் அவரே வழி சொல்வார்.

சடங்கு போதாதபோது

எல்லாத் துக்கமும் கூடி அழுவதால் தணிந்துவிடாது. ஆறு மாதங்களுக்கு மேலாகியும் ஏக்கமும் மறுப்பும் சற்றும் குறையாமல் அன்றாட வாழ்வு முடங்கிக் கிடந்தால், அதை நீடித்த துக்கக் கோளாறு என்று மருத்துவம் வகைப்படுத்துகிறது. அதற்குச் சிகிச்சை உண்டு. சாப்பாடும் தூக்கமும் முற்றிலும் போய்விட்டாலோ, நானும் போய்விடுகிறேன் என்னும் பேச்சு எழுந்தாலோ ஆறு மாதம் காத்திருக்கக் கூடாது. 14416 என்னும் டெலி மானஸ் மனநல உதவி எண்ணிலும் 104 என்னும் எண்ணிலும் தமிழில் பேசலாம். அடுக்கம்பாறை அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கு அழைத்துச் செல்லலாம். போ என்று சொல்லி அனுப்பாமல், குழுவில் ஒருவர் கூடவே போய்ச் சீட்டு வாங்கி வரிசையில் உட்கார வேண்டும்.

தலைத்திவசத்தோடு விலக்குகள் முடிகின்றன. அன்று அல்லது அதற்கு மறுநாள் குழுவினர் பூவும் பழமும் எடுத்துப் போய், அடுத்து வரும் பண்டிகைக்கும் தெருவின் முதல் சுபகாரியத்துக்கும் அந்த வீட்டாரை, குறிப்பாகக் கணவனை இழந்த பெண்ணை, பெயர் சொல்லி முறையாக அழைத்துவிட வேண்டும். நாள்குறிப்புத் தாளை அவர்களிடமே கொடுத்துவிடலாம். அடுத்த ஆண்டு எந்த நாளில் வர வேண்டும், வரவே வேண்டாமா என்பதை அவர்கள் சொல்லட்டும். சில மாதங்கள் கழித்து, மனம் இருந்தால், வேறொரு துக்க வீட்டுக்குப் பிற்பகலில் போகும் இருவரில் ஒருவராக வர முடியுமா என்று அவர்களிடம் கேட்கலாம்.